கடைசிக் காட்சியில் எங்கள் கைகள் இல்லை

திருகோணமலையில் அந்தப் படத்தை முதன்முதலாகக் காட்டிய அன்று, மண்டபத்தில் முதல் கைதட்டல் எழுந்தது நான் என் சினேகிதியின் கன்னத்தில் அறைந்த இடத்தில்தான். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தேன். அப்பாவும் கைதட்டினார். அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. என் ஊர் கிளிவெட்டி. அவளுடையது மூதூர். பள்ளிக்கூடங்கள் வேறு வேறு. வலய அஞ்சலோட்ட அணிக்கு இரண்டு பேரும் தெரிவானபோதுதான் பழக்கமானோம். அவள் மூன்றாவதாக ஓடுவாள், நான் கடைசியாக ஓடுவேன். பிறகு உயர்தர வகுப்புக்காகச் சனி, ஞாயிறுகளில் திருகோணமலைக்கு டியூஷன் போகத் தொடங்கினோம். நான் கிளிவெட்டியில் பஸ் ஏறிப் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பேன். மூதூரில் அவள் ஏறியதும் பை என் மடிக்கு வந்துவிடும். கிண்ணியாப் பாலம் வரைக்கும் அவள்தான் கதைப்பாள், அதற்குப் பிறகும் அவள்தான் கதைப்பாள். உடற்பயிற்சி ஆசிரியையாக வரவேண்டும் என்பது அவள் ஆசை.

"எங்கட டீச்சர் நிழலுக்குள்ள இரிந்து விசில் ஊதுவா. நான் டீச்சரானா புள்ளைகளோட சேர்ந்து ஓடுவன்," என்பாள்.

அந்த நாட்களில்தான் இயக்குநர் வந்தார். திருகோணமலையில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் தகப்பனோடு கனடாவுக்குப் போனவர். முப்பத்தைந்து வயதிருக்கும். டியூஷன் வகுப்புக்கு வந்து, விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தேவை என்றார். கனடாவில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சியர் லீடிங் என்று ஒன்று இருந்ததாம். விளையாட்டு நடக்கும்போது மைதான ஓரத்தில் நின்று தங்கள் அணிக்காக ஆடி, பாடி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டுகிற பெண்பிள்ளைகளின் குழு. எங்கள் பள்ளிக்கூடங்களில் அப்படி எதுவும் கிடையாது. பள்ளிக்கூட இல்லங்களுக்கிடையில் நடக்கிற விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் நின்று உடற்பயிற்சிக் கண்காட்சி செய்வோம், அவ்வளவுதான்.

அவருடைய கதை இதுதான். திருகோணமலைக்கும் மூதூருக்கும் நடுவில் கிடக்கிற குடாவின் இரண்டு கரைகளிலும் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடங்கள். ஒன்று தமிழ்ப் பள்ளிக்கூடம், மற்றது முஸ்லிம் பள்ளிக்கூடம். இரண்டிலும் சியர் லீடிங் குழு இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்காக இரண்டு குழுவும் முட்டி மோதுகின்றன. கடைசியில் இரண்டு தலைவிகளும் கைகோத்து ஒரே குழுவாக ஆடுகிறார்கள். எங்கள் வீடுகளுக்கு அவரே வந்து இதைச் சொன்னார். "ஒற்றுமைக்கான படம்" என்ற சொல்லை எங்கள் வீட்டிலும் சொன்னார், அவளுடைய வீட்டிலும் சொன்னார். அந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டு வீடும் சம்மதித்தன. அவளுடைய வாப்பா ஒரு நிபந்தனை போட்டார். தலைத்துணி இருக்கவேண்டும், கையும் காலும் முழுக்க மூடியிருக்கவேண்டும். இயக்குநர் உடனே சம்மதித்தார்.

அவளைப் பச்சைக் குழுவுக்குத் தலைவியாக்கினார். பச்சைக் குழுவில் எல்லோரும் முஸ்லிம் பிள்ளைகள். என்னை மஞ்சள் குழுவுக்குத் தலைவியாக்கினார். அவர்களுக்கு நீளக் காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் மேற்சட்டையும். எங்களுக்குக் கட்டைப் பாவாடையும் உடம்போடு ஒட்டிய காலுறையும்.

"எங்களுக்கும் காற்சட்டை தரலாமே, அண்ணா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா ஆருக்குத் தங்கச்சி வித்தியாசம் தெரியும்?" என்றார்.

பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல மனுசி. கீழே நிற்பவள் முழங்காலை எப்படி மடிக்க வேண்டும், மேலே ஏறுபவள் எங்கே பார்க்க வேண்டும், விழுந்தால் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகப் பழக்கினார். கையில் வைத்து ஆட்டும் குஞ்சங்களைக் கிரேப் பேப்பரில் நாங்களே வெட்டிக் கட்டினோம். ஒருநாள் அவற்றை மைதான வேலியில் தொங்கவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் திருகோணமலை நகருக்குள் திரிகிற மான்கள் பாதியைத் தின்றுவிட்டன. ஒரு மானின் வாயிலிருந்து மஞ்சள் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்து சிரித்தோம். இயக்குநர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"படம் முடியும்வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கக் கூடாது. கண்ணில பகை இல்லை. சிரிப்புத்தான் கிடக்கு. அது கமராவில அப்பிடியே தெரியுது."

நாங்கள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்து வந்தோம். அவள் இருக்கை இடுக்கால் நெல்லிக்காயைப் பின்னுக்கு நீட்டுவாள், நான் வாங்கிக்கொள்வேன். கதைக்கவில்லைதானே. ஆனால் பயிற்சி இடத்தையும் பிரித்தார், நேரத்தையும் பிரித்தார். பிறகு பச்சைக் குழுவை மூதூரிலிருந்து ஏற்றிவர வேறு வான் ஒழுங்குபண்ணினார். பஸ்ஸில் என் பக்கத்தில் யார் யாரோ இருந்து வந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் இயக்குநர் பிளேன்டீக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"தங்கச்சி, உம்மட சினேகிதி ஒரு கதை சொன்னவ. உமக்குச் சொல்லலாமோ தெரியேல்ல."

"என்ன அண்ணா?"

"கட்டைப் பாவாடை போட்டு ஆடக் கிளிவெட்டிப் பிள்ளையளுக்கு ஆரும் பழக்கத் தேவையில்லையாம். ரத்தத்திலயே இருக்காம். சின்னப்பிள்ளை, வாய் தவறிச் சொல்லியிருப்பா. மனதில வைச்சிருக்காதேயும்."

பாவாடையை நினைத்து நான் ஏற்கெனவே கூசிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்து, பாதியில் எழுந்து போனவர். அந்தப் புண் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அதனால் நம்பினேன். அன்றிரவு அவளுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். கதைக்கக் கூடாது என்ற கட்டளை அப்போது எனக்கு வசதியாக இருந்தது.

சண்டைக் காட்சியை உள்துறைமுகப் பக்கத்தில், முன்பு மூதூருக்கு லாஞ்சி புறப்பட்ட பழைய இறங்குதுறையில் எடுத்தார்கள். இரண்டு தலைவிகளும் எதிரெதிரே வந்து, கிண்ணம் தங்களுக்குத்தான் என்று சத்தம் போட்டு, தோளில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பிரிய வேண்டும். எழுதியிருந்தது அவ்வளவுதான். வாரக்கணக்கில் நான் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமில்லாத பார்வை. எழுதிய வசனத்தைச் சொல்லி முடித்தோம். அதன் பிறகு அவள், எழுதாத ஒன்றைச் சொன்னாள்.

"கிட்ட வராத. நாத்தம் ஒட்டிரும்."

நான்தான் நாறுகிறேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் கை அவள் கன்னத்துக்குப் போய்விட்டது. அவள் என்னைத் தள்ளினாள். நான் விழும்போது அவளைப் பிடித்து இழுத்தேன். அவளுடைய தலைத்துணி என் விரல்களோடு வந்தது. இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் கிடந்தோம். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை. கமரா எங்களைச் சுற்றி வந்தது. கடைசியில் இயக்குநர் "கட்" என்றதும் படப்பிடிப்புக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கொழும்புப் பயிற்சியாளர் மட்டும் ஓடிவந்து, தன் துவாயை அவள் தலைமேல் போட்டார்.

அவள் இயக்குநரிடம் போனாள். நான் பக்கத்தில்தான் முழங்கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ட தலைத்துணி போனதப் படத்தில போட வேணாம்."

"ஓம் தங்கச்சி, அதை வெட்டிவிடுவன். பயப்பிடாதேயும்," என்றார்.

கைகோக்கும் கடைசிக் காட்சியை அதற்கடுத்த நாள் எடுப்பதாக இருந்தது. அவள் வரவில்லை. நானும் வரமாட்டேன் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். அம்மா எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. படம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. ஒப்பனை செய்ய வந்த பெண்ணின் கையையும், என் குழுவில் கடைசி வரிசையில் ஆடிய ஒருத்தியின் கையையும் கிட்ட வைத்து எடுத்தார்கள். ஒரு கையில் பச்சைச் சட்டை, மற்றக் கையில் மஞ்சள் வளையல். பின்னால் மங்கலாகக் கடல். முகம் தேவைப்படவில்லை.

அந்தக் கைகள்தான் படத்தின் விளம்பரத்தட்டியில் வந்தன.

மண்டபத்துக்கு மறுபடி வருகிறேன். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரு பஸ்ஸிலும், மூதூரிலிருந்து இன்னொரு பஸ்ஸிலும் ஆட்களை ஏற்றி வந்திருந்தார்கள். வந்த பஸ்படியே ஒரு கூட்டம் இடப்பக்கமும் மற்றக் கூட்டம் வலப்பக்கமும் இருந்துகொண்டது. படம் தொடங்கியபோது எல்லோரும் எல்லோருக்கும் சிரித்தார்கள். மான் குஞ்சம் தின்றதையும் எடுத்திருந்தார்கள். அதற்கு மண்டபமே சேர்ந்து சிரித்தது. நான் அறைந்தபோது எங்கள் பக்கம் கைதட்டியது. அவள் என்னைத் தள்ளி விழுத்தியபோது அந்தப் பக்கம் கைதட்டியது. கிரிக்கெட் பார்க்கிற மாதிரி. பிறகு, வெட்டுவதாகச் சொன்ன காட்சி வந்தது. வெட்டவில்லை. மெதுவாக ஓடவிட்டிருந்தார். துணி காற்றில் பறந்து விழுகிறது, அவள் தலையை மூடிக் குந்துகிறாள், பின்னால் வயலின் சோகமாக ஒலிக்கிறது. மண்டபம் ஒருகணம் அடங்கியது. பின்னுக்கிருந்து யாரோ விசில் அடித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் அதை மற்றப் பக்கம் என்றுதான் பிறகு சொன்னது.

வலப்பக்கத்தில் அவளுடைய வாப்பா எழும்பினார். அவளும் எழும்பினாள். அவர்கள் கதவால் போனபோது வெளி வெளிச்சம் உள்ளே விழுந்து மறைந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தக் கைகள் கோத்தன. எல்லோரும் எழும்பி நின்று தட்டினார்கள். எனக்கு முன் கதிரையில் இருந்த ஒரு பெண்மணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி திரும்பி, "உன்ட கை நடுங்கினது எனக்குத் தெரிஞ்சது பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் காலை, பத்திரிகைக்காரருக்குப் பேட்டி கொடுக்க வேண்டும் என்று இயக்குநர் என்னை அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கு வரச் சொன்னார். நானும் அப்பாவும் போய்க் காத்திருந்தபோது அவளுடைய வாப்பா வந்தார். மீன் ஏலத்துக்குப் போகிற மனிதர், அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, அந்த இடத்த வெட்டுவன் எண்டு என்ட மகளிட்டச் சொன்னீங்களா?"

"ஐயா, அதுதான் படத்தின்ர உயிர். வெளிநாட்டு விழாக்களுக்கும் அனுப்பியாச்சு, இனி மாத்த ஏலாது..."

"அது நான் கேக்கல்ல. சொன்னீங்களா, இல்லயா?"

"ஓம். சொன்னனான்."

"அவ பொய் சொன்னாளோ எண்டு கேக்கத்தான் வந்த."

திரும்பிப் போகும்போது என்னைக் கண்டார். சற்று நின்றார்.

"பஸ்ஸில எங்கட புள்ளையோட வாற புள்ளதானே நீ," என்றார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார். நான் பேட்டி கொடுக்கவில்லை. அப்பா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "அந்த அடி நடிப்பில்லையா?" என்று பஸ் நிலையத்தில் கேட்டார். "இல்லை" என்றேன். பஸ்ஸில் அவர் வேறு இருக்கையில் போய் இருந்துகொண்டார்.

அதன் பிறகு படத்தைப் பார்த்தவர்களைவிட அந்தத் துண்டைப் பார்த்தவர்கள்தான் கூட. யாரோ சண்டையை மட்டும் வெட்டி போனில் விட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெடியள் அதற்கு வீரப்பாட்டுப் போட்டு, "எங்கட பிள்ளை" என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தவர்கள் நான் விழுவதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வேறு பாட்டுப் போட்டார்கள். அதற்குக் கீழே வளர்ந்த ஆண்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், எங்கள் இரண்டு பேருடைய உடம்பையும் மதத்தையும் தாய்மாரையும் எழுதியதை நான் வாசித்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மா போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும்வரைக்கும் வாசித்தேன்.

ஊரில் விளையாட்டுக் கழகத்து விழாவுக்குக் கூப்பிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் ஒலிவாங்கியில், எங்கள் பெண்பிள்ளைகள் யாருக்கும் பயந்தவர்கள் இல்லை என்று காட்டிவிட்டேன் என்றார். மாவட்டப் போட்டியில் வெற்றிக்கோட்டைத் தாண்டியபோது என்னைத் திரும்பிப் பார்க்காத ஊர், ஒரு பிள்ளையின் கன்னத்தில் அறைந்ததற்குப் பொன்னாடை போர்த்தியது. அதே மனிதர் சில மாதம் கழித்து, வெருகல் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி ஆட்கள் வந்தபோது, "படத்தில பாவாடை போட்டு ஆடின பிள்ளை, யோசிச்சுச் செய்யுங்கோ," என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சம்பந்தம் போனதில் எனக்குக் கவலை இல்லை. அந்தப் பொன்னாடையை அம்மா நெல் மூட்டைக்கு மேல் தூசி படாமல் போர்த்திவிட்டார்.

மூதூரில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கதை அடங்கும்வரை வீட்டில் நிற்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். கதை அடங்கவில்லை. அவள் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் நிக்காஹ் நடந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் போயிருக்கமாட்டேன். அப்போதும் அந்தப் பாவாடைக் கதை என் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது.

வெளிநாடுகளில் படத்துக்குப் பரிசு கிடைத்தது. தமிழில் வந்த விமர்சனங்களைப் படித்தேன். படித்தவர்கள் எழுதியவை. கோத்த கைகளில் ஒரு தலைமுறையின் மன்னிப்புத் தெரிகிறது என்ற கருத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். சண்டைக் காட்சியின் இயல்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். அனுபவமே இல்லாத இரண்டு சிறுமிகளிடமிருந்து இயக்குநர் இதை எப்படி வாங்கினார் என்று வியந்தார்கள். எப்படி வாங்கினார் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

நான் இப்போது திருகோணமலை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஓடுவதை விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு காலையில், வேலைக்கு வரும் பஸ் மூதூரில் நின்றபோது அவள் ஏறினாள். முகம் சற்றுப் பருத்திருந்தது. கையில் மூன்று வயது மதிக்கத்தக்க மகள். வேறு இருக்கை இருக்கவில்லை. என்னைக் கண்டு தயங்கினாள். பஸ் எடுத்தது. இருந்துவிட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் மூதூரைத் தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்.

"கிளிவெட்டிப் பிள்ளையளுக்குப் பாவாடை போட்டு ஆடப் பழக்கத் தேவையில்லை எண்டு சொன்னனியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆரு சொன்ன?"

"அந்தாள்."

"நான் அப்பிடிச் சொல்லல்ல." மடியில் பிள்ளையை நிமிர்த்தி வைத்தபடி, "மீன்காரன்ட மகளுக்குப் பக்கத்தில நிண்டு ஆட ஏலாது, நாறுது எண்டு நீ சொன்னயாமே," என்றாள்.

"ஆர் சொன்னது?"

அதற்குப் பதில் தேவைப்படவில்லை. இறங்குதுறையில் நாத்தம் ஒட்டிரும் என்று அவள் சொன்னது தன்னைப் பற்றி, என்னைக் குத்துவதற்காக. அது எனக்கு அந்த பஸ்ஸில்தான் விளங்கியது. எட்டு வருடம் போய்விட்டது.

"இதை ஆருக்காவது எழுதிப் போடுவமா?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் சேர்ந்து."

"போட்டா? அந்தத் துண்ட இன்னொருக்காப் போடுவாங்க. என்ட மாப்பிள்ளை அத இன்னும் பார்க்கல்ல. பார்க்கல்ல எண்டு சொல்ற." பிள்ளையின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தாள். "அந்தாளிட்டப் போய்க் கேட்டாலும் அதயும் படமெடுப்பான்."

அவர் இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார் என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன்.

"அதில நாம என்னவாம்?"

"தாய்மாராம். எங்கட பிள்ளையளுக்குள்ள சண்டையாம்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை, ஆனால் அவளுடைய சிரிப்புத்தான். பிள்ளையும் தாயைப் பார்த்துச் சிரித்தது. நான் அதன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினேன். அவள் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளையை இன்னும் சற்றுத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள். அது தெரிந்து செய்ததா, பஸ் திரும்பியதால் செய்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

கிண்ணியாவில் இறங்கினாள். போன் நம்பர் தரவில்லை. நானும் கேட்கவில்லை.